கறுப்புத் திரையில் காலைப் பெரட்டு

காலை ஏழரை மணி, நூற்றுப் பன்னிரண்டு டேபிள், தொலைபேசியில் செல்வராணி அக்கா: அப்போது ஹட்டனில் என் வேலைநாள் இப்படித்தான் தொடங்கும். தேயிலைத் தோட்டத்துத் தராசுகள் அனுப்பும் கொழுந்துக் கணக்கு, எங்கெங்கோ பல கணினிகளில் பிரிந்து கிடக்கும் ஒரு தரவுத்தளத்தில் போய்ச் சேரும். அதிலுள்ள டேபிள்களின், அதாவது கணக்கு அட்டவணைகளின், பெயர்களைக் கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டிக் கேட்பது என் முதல் வேலை. தோட்டத்துப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிடுவதைப்போலத்தான். இந்தத் திரையோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஏழு கிலோ

பொகவந்தலாவைத் தோட்டமொன்றின் கணக்கில் கவிஷா என்று ஒரு புதுப் பெயர். மாதத்தில் ஒரே நாள் நிறுவை, அதுவும் ஏழு கிலோ. இந்த வகைத் தரவுத்தளம் எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும், கேள்வி கேட்காது. நான்தான் தோட்டத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கவேண்டியிருந்தது.

பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணி அக்கா பேசினார். குழந்தைகளை நிறுக்கும் தராசு உடைந்துவிட்டது, புதியது கேட்டும் வரவில்லை. கவிஷா ஒன்றரை வயதாகியும் எடை ஏறாத பிள்ளை. மாதாமாதம் நிறுத்துக் கிளினிக்கில் காட்டச் சொல்லியிருக்கிறார் டொக்டர். அதனால் கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில், கூடையில் உட்காரவைத்து அக்கா நிறுத்திருக்கிறார்.

"தாய் பறிக்கிறத நிறுக்கிறீங்க தம்பி, தாய் பெத்தத நிறுத்தா ஆகாதா?"

ஆளில்லாத பெரட்டு

குழந்தைகளுக்கென்று தனி டேபிள் போட்டு, பிள்ளைக் காம்பரா என்றே பெயர் வைத்தேன். அன்றிலிருந்து அக்கா தினமும் காலையில் தொலைபேசியில் கேட்பார், "பிள்ளைங்க எல்லாம் இருக்காங்களா?"

ஒருநாள் பட்டியல் வெறுமையாக வந்தது. ஒரு டேபிள்கூட இல்லை. மறுபடி தட்டிப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, முதல்நாள் ஒரு சோதனைக்காக வேறொரு நாட்டுப் பிரதேசத்தைக் குறித்துவிட்டு மாற்ற மறந்திருக்கிறேன். தரவுத்தளத்தில் எந்தப் பிரதேசத்தைச் சொல்கிறோமோ அங்குள்ளவை மட்டுமே பேர் சொல்லும். அக்காவிடம் இதை விளக்கினேன்.

"மேல் டிவிசன் பெரட்டுல நின்னு கீழ் டிவிசன் ஆளைக் கூப்பிட்டிருக்கீங்க. வேற என்ன?"

ரமேஷின் துப்புரவு

அடுத்த வருட ஐப்பசி மழையில் லயத்து வீட்டுக் கூரை ஒழுகி, கவிஷாவின் கிளினிக் அட்டை நனைந்து எழுத்தெல்லாம் கரைந்துபோனது. ஒரு வருட எடையையும் பார்த்துத்தான், பிள்ளையைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா என்று டொக்டர் முடிவு செய்வார். அந்த எடைகள் இப்போது என் டேபிளில் மட்டும்தான் இருந்தன.

அதே வாரம்தான் கொழும்பில் இருந்த என் மேலாளர் ரமேஷ், தோட்டப் பெயர் இல்லாத டேபிள்களையெல்லாம் அழித்துவிட்டதாகச் சொன்னார். பிள்ளைக் காம்பரா என்னவாயிற்று என்று கேட்டேன். அப்படியொரு பெயரைப் பார்த்த ஞாபகமே இல்லை என்றார். பட்டியலைக் கேட்டேன். திரையில் வந்த நூறு பெயர்களில் அது இல்லை.

ஆனால் அந்தக் கட்டளை ஒரு தடவைக்கு நூறு பெயர்தான் சொல்லும். மீதியை மறுபடி கேட்டு வாங்கவேண்டும். கேட்டேன். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த சில பெயர்களுக்கு நடுவே பிள்ளைக் காம்பரா இருந்தது. ரமேஷுக்குச் சொன்னேன்.

"அதுக்கு அடுத்த பக்கம் வேற இருக்கா மச்சான்?"

மாலதியின் தாள்

எடைகளை அச்செடுத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். கவிஷாவின் தாய் மாலதி, ஒருநாள் பேரும் சம்பளமும் போனாலும் பரவாயில்லை என்று கொழுந்துக்குப் போகாமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். திரும்பும் வழியில் ஹட்டனில் இறங்கி, மாடியேறி என் அறைக்கு வந்தார். கவிஷா என் மேசையில் இருந்த சீனிப் பணிஸை எடுத்துக் கடித்தாள்.

"மெதுவா ஏறுது, ஆனா ஏறிக்கிட்டே இருக்குன்னாரு டொக்டர். கண்டிக்குப் போக வேணாமாம் சேர்."

நான் இருந்த அந்த அறையில் இப்போது தையல் கடை நடக்கிறது. டேபிள்களை வண்ணப் படமாகக் காட்டும் திரை வந்துவிட்டதால், யாரும் பேர் கூப்பிடுவதில்லை. ஏழரை மணிக்கு எனக்கு இன்னும் தொலைபேசி மீது கண் போகிறது.

இந்த வருடம் ஜனவரியில் கவிஷா பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்றில் சேர்ந்தாள். பிள்ளைக் காம்பராவுக்குக் கேட்ட தராசு பெப்ரவரியில் வந்தது.