ஆற்றங்கரைக் கோட்டையும் ஓர் அடுப்புக் கல்லும்

காலை ஏழரைக்கு நாகர்கோவிலில் ரயிலேறி, பாறசாலை தாண்டி நெய்யாற்றின்கரையில் இறங்கினேன். பெருங்கடவிளைப் பக்கம் ஆற்று வளைவில் ஒரு மண்கோட்டை சிதைந்து கிடப்பதாகக் கேள்வி. ராணுவ வெடிமருந்துக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கோட்டை என்றால் கால் ஓரிடத்தில் நிற்காது. ஆனால் படு பயந்தாங்கொள்ளி. பட்டாசுக் கடையைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன்.

ஆட்டோக்காரர் மணியன் இருநூறு ரூபாய் கேட்டார். "கோட்டையில பாக்க ஒண்ணும் இல்ல சார். வாழையும் மரச்சீனிக் கெழங்கும் ஆக்கும்" என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்தார்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மூன்று பக்கம் ஆறு, நாலாவது பக்கம் தூர்ந்த அகழி, அதற்கப்பால் ஆளுயர மண்திட்டு. தெற்கேயிருந்து வந்த பழைய பாதை ஆற்றைக் கடக்கும் துறை இது. துறை யார் கையிலோ, பாதையும் அவர் கையில். அதனால் எதிர்க்கரையில் பீரங்கி வைத்துத் திரி எரியும் குண்டுகளை மதிலுக்கு மேலாக எறிந்திருக்கிறார்கள். எந்தப் படை என்பதில் ஆளுக்கொரு கதை. எறிந்ததில் பாதி அகழிச் சேற்றில் விழுந்து, திரி நனைந்து, வெடிக்காமல் புதைந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அகழியை ஒட்டிய வீட்டில் ஸ்டெல்லா என்ற அம்மாள் முற்றத்து அடுப்பில் மரச்சீனி அவித்துக்கொண்டிருந்தார். "வாங்க சார், சாயா குடிச்சிட்டுப் போலாம்" என்றார். ஆசையோடு போய் அடுப்பருகே குந்தினேன். பானையைத் தாங்கிய மூன்றில் இரண்டு கருங்கல். மூன்றாவது இரும்பு உருண்டை. அதன் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை, மண்ணும் துருவும் அடைத்துக் கிடந்தது. கெட்டி உருண்டைக்குத் துளை இருக்காது. உள்ளே வெடிமருந்து நிரப்பும் குண்டுக்குத்தான் இருக்கும்.

குந்தியபடியே பின்னால் நகர்ந்தேன்.

"அம்மா, இது எங்கே கிடைச்சுது?"

"வாழைக்குக் குழி எடுத்தப்பம் கிட்டிச்சு. நல்ல சூடு நிக்கும் சார்."

எதையும் தொடாமல் ரோட்டுக்கு வரச் சொன்னேன். தண்ணீர் ஊற்றி அணைக்கவா என்று மணியன் குடத்தோடு ஓடினார்; அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கொதிக்கும் பழைய இரும்பில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கே நிச்சயமில்லை. ரோட்டோரம் வீட்டு மதிலுக்குப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன்.

ஸ்டெல்லா நம்பவில்லை. "இத்தன வருசம் ஒண்ணும் ஆவல்லியே சார்."

"உள்ளே ஈரம் இருந்திருக்கும். நீங்க தினம் தினம் காயவச்சிருக்கீங்க."

அவர் போனைத் தேடி எடுத்தார். "ரெண்டு கிட்டிச்சு சார். மற்றது வெள்ளறடையில எனக்க மோளுக்க வீட்டுல உண்டு. தனியா வீடு வச்சப்பம் அடுப்புக்கு நாந்தான் குடுத்தேன்."

ஸ்பீக்கரில் போட்டு மகளை அழைத்தார்; முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை மகள் ஜெபா எடுத்தாள். ஸ்டெல்லா குரலை உயர்த்தவில்லை.

"மக்கா, அடுப்புல தீ கத்துதா?"

"பிள்ளையக் குளிப்பாட்ட வெந்நி கெடக்கு."

"அவன் எங்க?"

"அடுப்புக்க பக்கத்துல இருந்து பந்து வச்சிக் களிக்கான். என்னம்மா?"

"அவனத் தூக்கிட்டு ரோட்டுக்கு வா. ஒண்ணும் எடுக்காண்டாம். தீயை அணைக்காண்டாம். போன வைக்காண்டாம்."

ஓடும் சத்தம் கேட்டது. ஒரு கதவு. குழந்தையின் அழுகை. கிடங்கில் கழித்த காலமெல்லாம் சேர்த்து நான் அவ்வளவு பயந்ததில்லை. "வந்தாச்சும்மா" என்று ஜெபா மூச்சிரைக்கச் சொன்னதும், ஸ்டெல்லா போனை என் கையில் திணித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கூப்பிட்டுச் சொன்னதில், பகல் பன்னிரண்டுக்குப் போலீசும் வெடிகுண்டுப் பிரிவும் வந்தன. வெள்ளறடைக்கு வேறொரு வண்டி போயிற்று. அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, உருண்டையை மணலில் புதைத்து ஏற்றினார்கள். உள்ளே மருந்து உண்டா என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் என்னை இன்னும் தள்ளி நிற்கச் சொன்னார்.

மாலை ரயிலுக்குக் கிளம்பும்போது ஸ்டெல்லாவிடம் விடைபெறப் போனேன். காலியான அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோட்டையப் பிடிக்க வந்தவன் எறிஞ்சத, நான் எனக்க மோளுக்குச் சீதனமாக் குடுத்துட்டேனே சார்."

இரவு வீட்டில் மனைவி காஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.