கூறை உடுத்திக்கொண்டு ரெஸ்லிங் பார்க்கப் போன சனிக்கிழமை

வினிகர் ஊற்றிய சிப்ஸ் வாசமும் என் கலியாணக் கூறைச் சேலையின் பூச்சி உருண்டை வாசமும்... இரண்டும் கலந்து இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கலியாணம் முடிந்து லண்டன் வந்து மூன்று மாதம். ஈஸ்ட் ஹாமில் ஒரு அறை. இவருக்கு பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட். வருவார், சாப்பிடுவார், "கறி நல்லா இருக்கு" என்பார், படுத்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு. கோபக்காரர் என்றால்கூடச் சண்டை பிடிக்கலாம். வாயே திறக்காத மனுஷனோடு என்னத்தைப் பிடிப்பது?

தோர்ண்டன் ஹீத்தில் இருந்த அக்காவிடம் போனில் அழுதேன்.

"ஞாயிற்றுக்கிழமை அத்தானை அனுப்புறன். சூட்கேஸோட வந்து எங்களோட கொஞ்ச நாள் இரு. பிறகு யோசிப்பம்" என்றாள்.

பாதி அடுக்கிய சூட்கேஸ் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. இவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அந்த வாரம் பார்த்து இவர், "சனிக்கிழமை வெம்பிளியில ஒரு பெரிய ஷோ. ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கிறன். வாறீரோ?" என்றார்.

வெம்பிளி, டிக்கெட் என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறென்ன? கலைவிழாதான்... பரதநாட்டியம், பட்டிமன்றம், இடைவேளையில் கடிக்க இறைச்சி ரோல்ஸ். கூறையை எடுத்து உடுத்தினேன். நகை எல்லாம் போட்டேன். ஷிப்ட் முடிந்து வந்தவர் கதவடியில் நின்று பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "வடிவா இருக்கு. போவம்" என்றார்.

ரயிலை விட்டு இறங்கினால்... முகத்தில் பெயின்ட் பூசிய பெடியள், கொடிகள், ஸ்பொஞ்சில் செய்து மாட்டிய பெரிய கைகள். ஒரு தமிழ் முகம் இல்லை.

"இஞ்சாருங்கோ, இது என்ன விழா?"

"ரெஸ்லிங்" என்றார், நிலத்தைப் பார்த்தபடி.

எனக்கு அழுகை வந்தது. நாளைக்கு அத்தான் வருவது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போய் இருந்த பிறகு கொஞ்சம் ஆறுதல். ரிங்கில் ஏறியவர்கள் எல்லாரும் என்னைவிட மினுங்கினார்கள். ஒருவனுடைய தங்க பெல்ட்டுக்கு முன்னால் என் தாலிக்கொடி நூல் மாதிரி இருந்தது. பக்கத்தில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண் என் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "லவ்லி" என்றாள்.

கடைசி மேட்ச் தொடங்கியதும் இவர் ரிங்கில் நின்ற இரண்டு பேரையும் காட்டி வாய் திறந்தார்.

"இவர் இந்த நாட்டுப் பிள்ளை. மற்றவர் இவற்ற மச்சான். பெண்சாதியின்ர தமையன்."

"சொந்த மச்சானோடயோ அடிபடுறார்?"

"ஓம். அந்தா முன்னுக்கு இருக்கிறா, அவதான் பெண்சாதி."

"ஐயோ பாவம். அவ ஆற்ற பக்கம் நிக்கிறது?"

"அதுதானே பிரச்சினை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தக் குடும்பத்தின் கதை முழுவதையும் சொல்லத் தொடங்கினார். மூன்று மாதம் பேசாததை அரை மணித்தியாலத்தில் பேசினார்.

நடுவில் சொன்னார்: "நான் இஞ்ச வந்த முதல் விண்டர் கதைக்க ஒருத்தரும் இல்லை. டிவியில இதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். பக்கத்தில ஆராவது இருந்தா நல்லா இருக்கும் எண்டு நினைக்கிறனான்."

இந்த நாட்டுப் பிள்ளையே வென்றார். பிறகு மச்சான்மார் இரண்டு பேரும் அந்தப் பெண்ணும் கட்டிப்பிடித்து நின்றார்கள். இவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ரயிலில் கேட்டேன். "முதலே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வந்தனான். நீர் அவ்வளவு ஆசையா உடுத்து நிண்டீர்... மாத்தச் சொல்ல மனம் வரேல்லை."

வீட்டுக்கு வந்ததும் சூட்கேஸில் இருந்ததை எல்லாம் அலுமாரியில் திரும்ப அடுக்கினேன். ஞாயிறு வந்த அத்தானுக்குச் சோறும் இறால் கறியும் கொடுத்து அனுப்பினோம்.

அப்போது அமெரிக்காவில் அந்த ஷோவை டிவியில் பார்க்கவே தனியாகக் காசு கட்ட வேண்டுமாம். இப்போது போனைத் தட்டினால் எல்லாம் வருகிறது. இவர் இன்றைக்கும் பெரிய பேச்சுக்காரர் இல்லை... ஆனால் ஷோ தொடங்க முதல் சோபாவில் எனக்கு இடம் விட்டு, திரும்பிப் பார்ப்பார். "சூட்கேஸோட எப்ப வாறாய்?" என்று அக்கா இப்போதும் பகிடி பண்ணுகிறாள்.

போன வாரம் மகள் இரண்டு டிக்கெட் எடுத்துத் தந்தாள். லண்டனில்தான் ஷோ.

"வாறீரோ?" என்றார், அதே குரலில்.

கூறையை வெயிலில் போட்டிருக்கிறேன்... இந்த முறை எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியும்.