போறணை வாசலில் பிறந்த கப்டன்

கேக்குக்கு ரவை வறுபடும் வாசனை... அதோடு துறைமுகத்தில் கப்பல் ஊதும் சத்தம். எனக்கு நத்தார் என்றால், அதுதான் கிறிஸ்மஸ் என்றால், இன்றைக்கும் இவை இரண்டும்தான்.

திருகோணமலையில் அப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ஓவன் கிடையாது. கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, பாண் சுடுகிற பேக்கரிப் போறணைக்குக் கொண்டுபோவோம். நத்தார்க் கிழமையில் அங்கே நிற்கும் வரிசை இருக்கிறதே... கோயில் திருநாள் தோற்றுப்போகும்.

அந்த வரிசையில் மழைக்குள் நின்றபடிதான் நான் முதன்முதலில் கதை கட்டினேன். அதைக் கேட்டவள் என் கூடப்பிறந்த ரீத்தா அக்கா.

அக்காவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை அன்ரன் அண்ணை, துறைமுக டொக்யாட்டில் ஃபிட்டர். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது அவரும் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். "நத்தாருக்கு வந்து தாலி கட்டுறன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்.

ஒரு நத்தார் போனது... இன்னொன்றும் போனது.

வரிசையில் நிற்கும்போது அக்கா துறைமுகப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒல்லாந்தர் காலத்துக் கப்டன் ஒருவனையும், அவனுக்காகக் கோட்டையடியில் காத்திருக்கும் முத்து வியாபாரியின் மகளையும் வைத்து ஒரு கதையை அவிழ்த்துவிட்டேன். பள்ளிக்கூடம் போகிற பொடிச்சிக்கு அவ்வளவு வாய்!

"எடியே, இந்த முறையாவது அவனைக் கரைக்குக் கொண்டுவாடி" என்பாள் அக்கா.

"பொறுங்கோ அக்கா, கடல் கொந்தளிக்குது" என்பேன்.

பிறகு ஒரு நத்தாருக்கு முதல் நாள், அன்ரன் அண்ணை உண்மையாகவே வந்தார். பக்கத்தில் மனைவி.

அக்கா கதிரைகளை இழுத்துப் போட்டாள். போறணையிலிருந்து சூட்டோடு வந்த கேக்கை வெட்டி வைத்தாள்.

"சுகமா இருக்கிறியா ரீத்தா?"

"ஓம், இருக்கிறன். சாப்பிடுங்கோ."

"கேக் அந்த மாதிரி, நல்ல ருசி!" என்றார் அந்த மனிசன். இன்னொரு துண்டும் எடுத்தார். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர்கள் போனபின் குசினியில் பீங்கான் கழுவியபடியே அக்கா சொன்னாள்: "இனி உன்ர கப்டனைக் கரைக்குக் கொண்டுவராதை. கடலிலேயே கிடக்கட்டும்."

சரித்திர நாவல்கள் இத்தனை எழுதியும் என் நாயகன் ஒருவனும் திரும்பி வராதது அதனால்தான். "இந்த நத்தாருக்காவது ஒரு ஜோடியைச் சேர்த்து வையுங்கோ" என்று வாசகர்கள் நீங்கள் வருடாவருடம் இன்பொக்ஸில் சண்டை பிடிக்கிறீர்கள். அக்கா பக்கத்து அறையில் இருக்கும்போது எனக்கு எப்படி ஏலும்?

கடைசிவரை கலியாணம் கட்டாமல், பாலையூற்று வீட்டில் என்னோடேயே இருந்த அக்கா, இந்த ஓகஸ்டில் போய்விட்டாள்...

இப்போது என் குசினியிலேயே ஓவன் இருக்கிறது. வரிசை இல்லை. இந்த முறை ரவை வறுக்கவும் இல்லை. யாருக்காக? நத்தார் வாழ்த்துச் சொல்லக்கூட வாய் வரவில்லை, குறை நினைக்காதீர்கள். மனம் விட்டுப்போய்விட்டது.

இனித் தடுக்க ஆளில்லையே என்று, நீங்கள் கேட்ட முடிவை எழுத உட்கார்ந்தேன். அந்தப் பழைய கப்டனைக் கோட்டையடியில் இறக்கியும் விட்டேன்.

ஆனால் அந்த முத்து வியாபாரியின் மகளுக்கு என்றைக்குமே அக்காவின் முகம்தான். அதனால் இந்த நத்தாருக்குப் புத்தகம் வராது.

கப்டன் வந்து நிற்கிறான்... கரையில் ஆளில்லை.