ஐந்து வருஷத்தில் தீரப்போகும் கேஸ்

என் அத்தானைப் போல ஒரு நல்ல மனிதரையும் பார்க்க முடியாது, அவரைப் போல எரிச்சல் மூட்டுகிற ஆளையும் பார்க்க முடியாது. கேஸ் கிணறுகளிலிருந்து வரும் குழாய்களெல்லாம் ஒன்றுசேரும் நிலையத்தில் அவருக்கு வேலை. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது ஏறினாலும் இறங்கினாலும் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். அக்காவைக் கட்டிக்கொண்டு கம்பெனிக் குடியிருப்புக்கு வந்தபோதே விஷயத்தைச் சொல்லிவிட்டார். இன்னும் ஐந்தே வருஷம், பூமிக்கடியில் கேஸ் தீர்ந்துவிடும், நிபுணர்கள் கணக்குப் போட்டாயிற்று. நிலையத்தை மூடுகிற அன்று வேலையில் இருப்பவர்களுக்கு நகரத்தில் கம்பெனியே சொந்த வீடு தரும். அதற்கு முன் விட்டுப் போனாலும் சரி, வயதாகி ஓய்வு பெற்றாலும் சரி, ஒன்றும் கிடையாது.

அக்காவின் சமையலறையில் ஜன்னல் இல்லை. தாளித்த புகை போக வழியில்லாமல் அவள் புடவையிலேயே குடியிருக்கும். வந்த புதிதிலேயே ஒரு ஜன்னல் வைத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். மூடப்போகிற இடத்தில் யாராவது சுவரை இடிப்பார்களா என்று அத்தான் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஐந்து வருஷம் போனது. வேறொரு நிபுணர் வந்து ஐந்து வருஷம் என்றார். பிறகு இன்னொருவர், இன்னும் பெரிய வரைபடத்தோடு, அதே ஐந்து வருஷம். கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. லேசாகக் குறைந்தால் பக்கத்திலேயே இன்னும் ஆழமாகத் துளை போடுவார்கள், பீறிட்டுக்கொண்டு வரும். ஆனால் குடியிருப்பில் ஒருவர்கூட ஒழுகும் கூரையைச் சரிசெய்யவில்லை, ஒரு செடி நடவில்லை. பாத்திரங்களில் பாதி அட்டைப்பெட்டிகளிலேயே கிடந்தன. அக்கா மகள் அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் தவழ்ந்து, நடந்து, படித்து, கல்யாணமாகிப் போயும்விட்டாள்.

அக்காவுக்கு நிபுணர்கள் மேல் இருந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. நிலையத்திலிருந்தே வீடுகளுக்கு ஒரு குழாய் வரும். அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம், "தீரப்போற கேஸ் எரியற லட்சணத்தைப் பாருங்க" என்பாள். அத்தான் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். அசையாத முள்ளைத் தினமும் பார்க்கிற மனுஷன், எப்போதாவது கோட்டு மாட்டிக்கொண்டு வருகிறவன் சொல்வதைத்தான் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார், பாவம். அந்தப் பேச்சை விட்டால் நகரத்து வீட்டையும் அல்லவா விட வேண்டும்?

அவர் ஓய்வுபெறக் கொஞ்ச காலமே இருந்தபோது முள் இறங்கியது. முதல் நாள் துளி, மறுநாள் இன்னும் கொஞ்சம். இந்தத் தடவை துளை போட அல்ல, மூடுவதற்கே மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. குடியிருப்பே திருவிழாவானது. கேஸ் தீர்ந்ததற்கு இனிப்பு கொடுத்த ஜனங்களை நான் அங்கேதான் பார்த்தேன். அக்கா முதலில் நம்பவில்லை. அத்தானின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துதான் நம்பினாளாம். மூட்டை கட்ட என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ச் சேர்வதற்குள் கட்டிலையும் பீரோவையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்திருந்தாள். நகரத்து வீட்டுச் சமையலறையில் இரண்டு ஜன்னல் இருக்குமாம். எந்த ஜன்னல் பக்கம் அடுப்பு வைக்கலாம் என்று சின்னப் பெண் மாதிரி என்னிடம் யோசனை கேட்டாள்.

அன்று மத்தியானம் அத்தான் முழங்கை வரை கறுப்புச் சேற்றோடு வந்து வாசலில் நின்றார். பெரிய குழாயின் வடிகட்டியில் மண் அடைத்திருந்ததாம். மேலிடத்து ஆட்கள் வருவதற்குள் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும் என்று இவரே கழற்றியிருக்கிறார். அழுக்கை எடுத்துவிட்டு மாட்டியதும் முள் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டது.

"உங்களை யாரு அதைத் தொடச் சொன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"அடைச்சிருக்குன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா விட முடியும்?"

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. கை கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

அக்கா அழவில்லை. கொல்லைப்பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தாள். அடுப்புக்கு வரும் குழாயைத் திருகி மூடினாள்.

"இந்த கேஸ் தீராது. நான்தான் இங்க தீரப்போறேன்," என்றாள். "அதுவரைக்கும் கொஞ்சம் காத்தாவது வரட்டும்."

சமையலறைச் சுவரில் ஓங்கிக் குத்தினாள். விழுந்த காரையை நான் கூடையில் வாரினேன். அத்தான் தடுக்கவில்லை. உட்காரக் கட்டில் இல்லாததால் கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செங்கல் பெயர்ந்து, அந்த அறைக்குள் முதல்முறையாக வெயில் விழுந்தது. அக்கா அடுத்த செங்கல்லுக்குக் கடப்பாரையை ஓங்கினாள்.

"கொஞ்சம் சின்னதாவே இடிம்மா," என்றார் அத்தான். "காலி பண்ணும்போது மறுபடி அடைச்சுக் கொடுக்கணும்."