கடைசியில் இறங்குகிறவர்கள்

விமான நிலையத்தில் பத்தொன்பது வருடமாகச் சக்கர நாற்காலி தள்ளுகிறவருக்குக் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ஆமை. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தவர் விமானத்தைத் தவறவிட்டும் யாரும் பார்த்ததில்லை. எந்த லிஃப்ட் சோம்பேறி, எந்தச் சோதனை வரிசை வேகமாக நகரும், எந்தக் கம்பளம் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உலகத்தின் எல்லா மூலைக்கும் ஆளை அனுப்பியவர், தான் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. கேட்டால், "கல்யாணத் தரகர் என்ன தினம் ஒரு கல்யாணமா பண்ணிக்கிறாரு?" என்பார்.

அவர் பயணிகளுக்குத் தவறாமல் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "அடுத்த ஃப்ளைட்டுக்கு நேரம் கம்மியா இருந்தா, நடக்க முடிஞ்சவங்க வீல்சேர் கேக்காதீங்க." சக்கர நாற்காலி கேட்டவர்கள் விமானத்தில் முதலில் ஏறுவார்கள், கடைசியில் இறங்குவார்கள். மற்ற எல்லோரும் போன பிறகுதான் அவர்களுடைய முறை. மரியாதைக்காக ஏற்பட்ட ஏற்பாடு, அவசரக்காரர்களுக்கு மட்டும் தண்டனையாகிவிடும்.

அவருடைய அக்கா ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவர். எட்டு மணி நேரம் நின்றே வேலை. கால்கள் தம்பியினுடையதைவிட நல்ல கால்கள். அக்காவின் கணவர் வெளிநாட்டில் ஒரு கிடங்கில் பதினோரு வருடமாக வேலை பார்த்துவந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அங்கிருந்து தகவல் வந்தது. இருதயம் பழுதாகிவிட்டது, பார்க்க வேண்டியவர்கள் உடனே வருவது நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கிடைத்த டிக்கெட்டில் முதலில் தம்பி வேலை பார்க்கும் இந்த நிலையத்துக்கு ஒரு சிறிய பயணம். இங்கிருந்து வேறொரு விமானம். நடுவில் ஒன்றேகால் மணி நேரம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுடா. எந்தக் கதவுன்னு தெரியாம எங்கயாவது போய் நிப்பேன்" என்றார் அக்கா, போனில்.

"நான் எதுக்கு இருக்கேன்? வீல்சேருக்குச் சொல்லிடறேன். ஃப்ளைட் வாசல்லயே வந்து நிக்கறேன். நான் கூப்பிடற வரைக்கும் நீ சீட்டை விட்டு எந்திரிக்காதே."

ஊருக்குத்தான் உபதேசம் என்று இதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. ஆபத்து வந்தபோது மனிதர் தனக்கு எது செய்யத் தெரியுமோ அதைச் செய்தார். தனக்கு என்ன தெரியும் என்பதை நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் விமானம் கால் மணி நேரம் தாமதமாக, ஒன்று ஐம்பத்தைந்துக்கு வந்தது. அடுத்ததன் கதவை இரண்டு முப்பத்தைந்துக்குச் சாத்துவார்கள். ஆமை நாற்காலியோடு விமான வாசலில் நின்றார். ஜனங்கள் இறங்க ஆரம்பித்தார்கள். பத்தாவது ஆளோ பதினைந்தாவது ஆளோ கடந்தபோதுதான், தான் செய்து வைத்திருப்பது என்னவென்று அவருக்கு உறைத்தது. வாசலில் நின்ற பணிப்பெண்ணிடம் போனார்.

"அம்மா, இருபத்தொம்பதாவது வரிசையில என் அக்கா இருக்காங்க. எந்திரிச்சு வரச் சொல்லுங்க. நடப்பாங்க."

அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "வீல்சேர்னு போட்டிருக்கே."

"நான்தான் போடச் சொன்னேன்."

"நடக்க முடியும்னா எதுக்குப் போட்டீங்க?"

அவர் மற்றவர்களிடம் கேட்கிற கேள்வி அது. "உள்ள சொல்லிப் பாருங்கம்மா" என்றார். அந்தப் பெண் உள்ளே போனில் பேசிவிட்டுத் திரும்பினாள். "தம்பி வந்து கூப்பிட்டாதான் எந்திரிப்பேங்கறாங்களாம்."

எல்லோரும் இறங்கி முடியும்வரை அவரோ உள்ளே போகக் கூடாது. பிறந்ததிலிருந்து தம்பி சொன்ன ஒரு வார்த்தையையும் மதிக்காத அக்கா, அன்றைக்குப் பார்த்து மதித்தார்.

இரண்டு பதினேழுக்கு அக்கா வாசலுக்கு வந்தார். "நீ சொன்ன மாதிரியே அசையாம உட்கார்ந்திருந்தேன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

ஆமை ஓடினார். லிஃப்ட் அருகே நின்ற சகா ஒருவர், "பாருங்கய்யா, ஆமை ஓடுது" என்று ஆரம்பித்தவர், முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு லிஃப்ட் கதவைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"மூச்சு வாங்கறேடா. நான் இறங்கி நடக்கறேன்."

"உட்காருக்கா. நீ எந்திரிச்சா பாஸ்போர்ட் பாக்கற எடத்துல நமக்குத் தனி வரிசை கிடையாது."

காலதாமதத்துக்குக் காரணமான நாற்காலியை விட்டு இப்போது இறங்கவும் வழியில்லை. தனி வரிசையில் ஆறு நிமிடம். சோதனையில் எட்டு நிமிடம். அக்காவின் பையில் கணவருக்கு எடுத்துவைத்த மருந்து பாட்டிலை மூன்று பேர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அடுத்த விமானத்தின் வாயிலை அடைந்தபோது இரண்டு முப்பத்தொன்பது. கண்ணாடிக்கு அப்பால் விமானம் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"மூடியாச்சுண்ணே. திறக்க எனக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கே தெரியுமே" என்றாள் வாயிலில் இருந்த அலுவலர்.

அவருக்குத் தெரியும். அழுதவர்களிடம் இதையே அவர் எத்தனையோ முறை பொறுமையாக விளக்கியிருக்கிறார். எட்டு ஐம்பதுக்கு இன்னொரு விமானம் இருந்தது. அலுவலர் அதில் இடம் போட்டுக் கொடுத்தாள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனைக் கொண்டுபோக மாட்டார்களாம். வந்துகொண்டிருப்பதாகச் சொல்கிறோம் என்றார்கள். கண்ணாடிக்கு அப்பால் விமானம் மெல்லப் பின்வாங்கியது.

"ஃப்ளைட் லேட்டா வந்ததாலதானேடா?"

ஆமாம் என்றிருக்கலாம். பாதி உண்மைதான், மறுத்துச் சொல்ல வேறு யாரும் இல்லை.

"இல்லக்கா. வீல்சேர் சொன்னது என் தப்பு. அதுக்குச் சொன்னவங்களைக் கடைசியிலதான் இறக்குவாங்க."

அக்கா மடியில் கிடந்த துண்டை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி நீவினார். ஒரு சுருக்கமும் இல்லாத துண்டு.

"நானா நடந்து வந்திருந்தா எங்க போய் நின்னிருப்பேனோ" என்றார். வெகுநேரம் கழித்து, "ஆனா முதல்லயே எந்திரிச்சு வந்து உன்கூட நடந்திருந்தா ஏறியிருப்பேன், இல்ல?"

"ஏறியிருப்பேக்கா."

எட்டு ஐம்பது விமானத்துக்கு அக்கா நடந்து போனார். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு அறையில் இருந்தபோது போன் வந்தது. "காலையில போயிட்டார்டா" என்றார் அக்கா. "நான் போனப்ப இருந்தார். கண்ணு தொறக்கல. நம்ம ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் ஏழரை மணி வரைக்கும் பேசிட்டிருந்தாராம். வந்துட்டாளான்னு கேட்டாராம்."

ஏழரை மணிக்குத் தாங்கள் இருவரும் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை ஆமை யோசித்துப் பார்த்தார். வாயிலுக்கு எதிரே, இரும்பு இருக்கையில், ஆளுக்கு ஒரு டீயோடு.

"அக்கா" என்றார்.

"அவர் கேட்டார்ங்கறது உனக்குத் தெரியணும்னுதான் சொன்னேன். திட்டறதுக்குச் சொல்லலை" என்றார் அக்கா. பிறகு, "சாப்பிட்டியாடா?"

"இன்னும் இல்லக்கா."

"சாப்பிடு" என்று வைத்துவிட்டார்.