பின்சீட்டுக் கண்ணாடி

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது மன்னாரில், பட்டப்பகலில் நடந்தது. நடந்தது சியாமுக்கு. கதை கட்டுகிற ஆள் இல்லை அவர். மனைவி றஹீமா மௌத்தாகி மண்ணுக்குப் போனதிலிருந்து வாயைத் திறப்பதற்கே அவருக்குச் சோம்பல். வெயில் சுட்டாலும் ஒன்றுதான், கை வெட்டுப்பட்டாலும் ஒன்றுதான். மனம் மரத்துப்போன மனிதர்.

வாகனங்களுக்கு ஏசி திருத்துவது அவர் தொழில். அன்று வங்காலை றெனால்ட் ஒரு பழைய பெற்றோல் வானைக் கொண்டுவந்தார். வாங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஏசி வானோடு வந்ததில்லை. பிறகு யாரோ வாங்கிப் பூட்டியது.

“தம்பி, நாளைக்கு மகளையும் குழந்தையையும் ஆசுபத்திரியால கூட்டிக்கொண்டு வரவேணும். பச்சைக் குழந்தை. இந்த வெக்கையில வாடிப்போகும். எப்பிடியாவது குளிர வைச்சுத் தாங்கோ.”

“பாப்பம் அண்ணன்.”

குழாய் மூட்டில் கசிவு. ரப்பர் வாசரை மாற்றிப் புதுக் காஸ் அடித்தார். என்ஜினை ஓடவிட்டு எல்லாக் கண்ணாடிகளையும் மூடினார். முன்னுக்கு நல்ல குளிர். பின்னுக்கு மட்டும் வெக்கை.

போய்ப் பார்த்தால், பின்சீட்டின் இடதுபக்கக் கண்ணாடி ஒரு சாண் திறந்திருந்தது.

தள்ளி மூடினார். முன்னுக்கு வந்து விசிறியைக் கூட்டிவிட்டுத் திரும்பினார். மறுபடியும் திறந்திருந்தது. அதே ஒரு சாண்.

றெனால்ட் தேத்தண்ணி குடிக்கக் கடைக்குப் போயிருந்தார். வானில் யாரும் இல்லை. வேறொருவருக்கு என்றால் அங்கேயே வியர்த்துக் கொட்டியிருக்கும். சியாம் ஒரு திருகாணியை எடுத்து, கண்ணாடி நகர்கிற தவாளிப்புப் பள்ளத்தில் வைத்து இறுக்கினார். இனி யார் நினைத்தாலும் திறக்காது.

பிறகு பின்சீட்டில் உட்கார்ந்து கதவை இழுத்து மூடினார். வேலை முடிந்தால் உள்ளே கொஞ்ச நேரம் இருந்து குளிரைப் பார்ப்பது அவர் வழக்கம். லேசாகப் புகை மணத்தது. கராஜில் பழகிப்போன மூக்கு அதைக் கணக்கெடுக்கவில்லை.

குளிர் வந்தது. கூடவே நித்திரையும் வந்தது. தலை கனத்தது. விரல்களை மடக்கப் பார்த்தார்... மடங்கவில்லை. பரவாயில்லை என்று தோன்றியது.

பக்கத்து மெத்தை அமிழ்ந்தது. யாரோ உட்காருவது போல.

திரும்பிப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குப் படவில்லை.

ஓர் இருமல்... சின்ன இருமல். கைக்குழந்தையுடையது.

டொக்.

டொக்... டொக்...

கண்ணாடியில். உள்ளே இருந்து.

சர்ர்ர்...

வெக்கைக் காற்று முகத்தில் அறைந்தது.

றெனால்ட் திரும்பி வந்தபோது சியாம் வெளியே நிலத்தில் கிடந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். கதவை எப்படித் திறந்தார் என்று அவருக்கு இன்றுவரை ஞாபகமில்லை.

“என்ன தம்பி, என்ன செய்யுது?”

“என்ஜினை... நிப்பாட்டுங்கோ.”

சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். ஏசிக் குழாயைப் பின்னுக்குக் கொண்டுபோக அடித்தகட்டில் துளை போட்டவர்கள், அதை அடைக்காமல் மேலே விரிப்பைப் போட்டு மறைத்திருந்தார்கள். நேர் கீழே புகைக்குழாய் வெடித்திருந்தது. புகை முழுக்க உள்ளேதான். நாளைக்கு இந்தச் சீட்டில்தான் குழந்தையைப் படுக்கவைக்க இருந்தார் றெனால்ட். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மறுநாள் குழந்தை ஓட்டோவில் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது. அன்று பின்னேரம், வானை விற்ற விடத்தல்தீவு அமிர்தநாயகத்துக்குச் சியாம் போன் எடுத்தார். பின்சீட்டுக் கண்ணாடி என்றதும் அவர் உள்ளதைச் சொன்னார்.

“எனக்கு முதல் வைச்சிருந்த ஆக்கள்... மழைக்கு ரோட்டோரம் நிப்பாட்டி, ஏசியைப் போட்டுட்டுப் படுத்தவை. தாயும் கைக்குழந்தையும் எழும்பேல்லை. ஏனெண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. தாயின்ர கை அந்தக் கண்ணாடியில இருந்ததாம். கண்ணாடி இறுகிப்போய்த் திறபடேல்லை. இதைச் சொன்னா வானை ஆர் வாங்குவினம்?”

“அந்தக் கண்ணாடி திறந்ததாலதான் நான் தப்பினன்.”

“எப்பிடித் தம்பி திறக்கும்? அதை நான் வான் வாங்கின கையோட கழட்டி எறிஞ்சிட்டன். இப்ப இருக்கிறது ஒட்டின கண்ணாடி.”

சியாம் கராஜ் முற்றத்தில் நின்ற வானடிக்குப் போனார். ஒற்றைக் கண்ணாடி. சுற்றிவரக் கறுப்பு ரப்பர். நகர்வதற்குத் தவாளிப்பே இல்லை. ஆணி இறுக்க இடமும் இல்லை.

திருகாணி பின்சீட்டின் நடுவில், எடுத்து வைத்தது போலக் கிடந்தது. வெயிலில் கொதித்துக்கொண்டிருந்த வானுக்குள் அது மட்டும் சில்லென்று இருந்தது. றஹீமா போன பிறகு முதல்முறையாக, சியாமுக்குப் பயமாக இருந்தது.