மச்சான் அனுப்பிய பெட்ரோல்

ஆண்டர்சன்பேட்டையில் எரிக்கின் ஒர்க்‌ஷாப் எங்கே என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். எரிக்கின் காதைப் பற்றிக் கேட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். கொஞ்ச நேரத்தில் எந்த பேரிங் போயிருக்கிறது, எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும்.

சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில், ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜினில் அவர் ஃபிட்டர். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஃபிட்டர் ‘கேக்குது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேஜ் என்கிற அந்தக் கூண்டை நிறுத்திவிடுவார்கள். கீழே லெவலில் ஷிப்ட் முடித்த ஆட்கள் காத்துக்கிடந்தாலும் சரி, மேலே மேனேஜரே வந்து நின்றாலும் சரி, என்ன கேட்டது என்று ஒருவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சுரங்கத்தை மூடி இருபத்தைந்து வருஷம் ஓடிப்போயிற்று. தன் காதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்ற எண்ணம் மட்டும் எரிக்கை விட்டுப் போகவில்லை.

இப்பேர்ப்பட்ட காதிலிருந்துதான் எட்டு வருஷமாகப் புகை வந்துகொண்டிருந்தது. காரணம், பெண்டாட்டி லூயிசாவின் தம்பி லாய்ட்.

லாய்டும் அவரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் கூட்டாளிகளாக இருந்தவர்கள்தான். ஒரு நாள் லாய்ட், பெங்களூருக்குப் போகிறேன் மாமா என்றான், போய்விட்டான். இன்றைக்கு அவனுக்கு அங்கே கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கேரேஜ். காரை உருளைகள் மேல் ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, லேப்டாப்பில் கோடு கோடாகப் பார்த்து இன்ஜினை மாற்றி அமைப்பான். கையில் கிரீஸ் ஒட்டாது. அதுதான் எரிக்குக்கு முதல் எரிச்சல். இரண்டாவது எரிச்சல், லூயிசா தினமும் தம்பியின் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடுவது. ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து வெளியே வந்தால் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாமல் அவள் வீட்டுக்கு வர மாட்டாள். எரிக் தள்ளிப்போய் பைக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பார்.

இதையெல்லாம்கூட விழுங்கிவிடுவார். மஞ்சுநாத்தைத்தான் விழுங்க முடியவில்லை. கிரானைட் வியாபாரம் செய்யும் மஞ்சுநாத்தின் லாரியும் ஜீப்பும் பன்னிரண்டு வருஷமாக எரிக்கிடம்தான் வந்துகொண்டிருந்தன. எரிக் சொல்லாமல் மஞ்சுநாத் ஒரு டயர்கூட வாங்க மாட்டார். போன வருஷம் ஆசைப்பட்டு, சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு வைத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினார். அது நேராக லாய்டிடம் போயிற்று. எரிக்கிடம் வந்தது பிரேக் பேடு மாற்றுவதற்கும் சக்கரம் கழற்றி மாட்டுவதற்கும்தான். “இன்ஜின லாய்ட் பாத்துக்குவான் எரிக்ணா, நீங்க அதத் தொட வேணாம்” என்று மஞ்சுநாத் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று மத்தியானம் எரிக்குக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் மாதத்தில், கோலாரைத் தாண்டி ஒரு தனியார் ஓடுதளத்தில் கால் மைல் பந்தயம் வைத்தார்கள். தானே ஓட்டுவதாக மஞ்சுநாத் பெயர் கொடுத்தார். எந்தப் பெட்ரோல் போடுவது, எத்தனை ஆக்டேன் என்ற பேச்சு வந்தது. ஆக்டேன் என்பது வேறொன்றுமில்லை. இன்ஜினுக்குள் போட்டு எவ்வளவு நசுக்கினாலும், நேரம் வருமுன்னே வெடித்துத் தொலைக்காமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்ற கணக்குதான். முன்கூட்டி வெடித்தால் இன்ஜினுக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதற்கு நாக்கிங் என்று பெயர். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் உடையும். பெங்களூரில் சில பங்க்குகளில் நூறு ஆக்டேன் கிடைக்கிறது. அதுவும் போதாது என்று லாய்ட் பந்தயக் கார்களுக்கென்றே வரும் பெட்ரோலை வரவழைத்தான். அதை நம்பித்தான் இன்ஜினை முடிந்தவரை முறுக்கி அமைத்திருந்தான்.

பந்தயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, காரும் இரண்டு கேன் பெட்ரோலும் எரிக்கின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தன. பிரேக் பார்த்து, டேங்கைக் காலி செய்து, இதை நிரப்பி வைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு மஞ்சுநாத் போய்விட்டார். கேன் மேல் லாய்ட் ஒரு காகிதம் ஒட்டியிருந்தான். ‘மாமா, இது மட்டும் போடுங்க. வேற ஒரு சொட்டுகூட சேரக் கூடாது.’

எரிக் அதை நாலு முறை படித்தார். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறானே என்று உள்ளே புழுங்கியது. இருந்தாலும் சொன்னபடி செய்தார். கேனைத் திறந்து ஊற்றினால், பெட்ரோல் இளநீல நிறத்தில் இறங்கியது. வாசனையே வேறு மாதிரி இருந்தது.

பிரேக்கைச் சோதிக்க வேண்டுமே என்று காரை வெளியே எடுத்தார். சாம்பியன் ரீப்ஸைத் தாண்டி, பாலகாட் பக்கம், சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைட் மேட்டை ஒட்டிப் போகும் நேரான சாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து மிதித்தார். கார் அவரை சீட்டோடு சேர்த்து அழுத்திக்கொண்டு பறந்தது. நாற்பது வருஷத்தில் அப்படி ஒரு வண்டியை அவர் ஓட்டியதில்லை. ஒரு திணறல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை. வயிறு எரிந்தது.

மேட்டடியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஸ்குரூ டிரைவரை ஊன்றிக் காதை வைத்தார். ஒன்றுமில்லை. இடம் மாற்றி வைத்தார். அப்போதும் ஒன்றுமில்லை. மூன்றாவது முறை, நாலாவது முறை, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். எங்கோ ஆழத்தில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்தது.

“கேக்குது” என்றார் எரிக். அங்கே கேட்க ஆளில்லை.

திரும்பி வந்து நீலப் பெட்ரோலை முழுக்க இறக்கினார். பங்க்குக்குப் போய் இருப்பதிலேயே உசத்தியான தொண்ணூற்றைந்து ஆக்டேனை வாங்கிவந்து நிரப்பினார். இந்த ஊரில் எந்த இன்ஜின் இதைக் குடித்துச் செத்தது என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். டீ கொண்டுவந்த லூயிசா, காலி கேன்களில் அவர் மறுபடி பெட்ரோலை ஊற்றி மூடுவதைப் பார்த்தாள். அப்போதுதான் தம்பியோடு பேசிவிட்டுப் போனை வைத்திருந்தாள்.

“இன்னாங்க, திரும்ப எறக்கிகினு கீறீங்க? இப்பத்தான் லாய்ட்கூட பேசி வெச்சேன், போன் போட்டு ஒரு வார்த்த கேளுங்க” என்று போனை நீட்டினாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, அவனிடம் எல்லாம் பேசியாயிற்று என்று சொல்லிவிட்டார். அவளும் நம்பி உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஓடுதளத்தில் லாய்ட் முன்னாலேயே வந்து காத்திருந்தான். மாமாவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். சுற்றியிருந்த பெங்களூர்ப் பையன்களிடம், இவர்தான் நான் சொன்ன எரிக் மாமா என்று காட்டினான். அந்தப் பெருமையும் எரிக்குக்குக் கசந்தது. இவன் சொல்லித்தான் தன்னை நாலு பேர் தெரிந்துகொள்ள வேண்டுமா?

“மாமா, நா அனுப்புனதுதானே டேங்க்ல கீது?”

“ஆமா” என்றார் எரிக்.

அதற்கு மேல் லாய்ட் கேட்கவில்லை. மாமா சொன்னால் மறுபேச்சு கிடையாது அவனுக்கு.

முதல் ஓட்டத்தில் கார் கொஞ்சம் கனத்தது. வெயில் ஏறிவிட்டது, அதனால்தான் என்றார்கள். இரண்டாவது ஓட்டத்தில் பாதி தூரம் போகும்போது, கூட்டத்தில் நின்ற எரிக்குக்கு அந்தச் சத்தம் கேட்டது. இப்போது ஸ்குரூ டிரைவர் தேவைப்படவில்லை. கடகடவென்று தட்டியது. நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவதற்குள் ஒரு முறை வெடித்து, பின்னால் புகை கிளம்பி, சிவப்புக் கார் ஓரமாக ஒதுங்கி நின்றது. மஞ்சுநாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்ஜின்தான் போயிற்று.

லாய்ட் லேப்டாப்பை மாட்டிப் பார்த்தான். முகம் சுண்டிவிட்டது. காருக்கு அடியில் நுழைந்து, காலித் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். வெயிலில் தூக்கிப் பார்த்தான். துளி நீலம் இல்லை. மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்த்தான். எரிக் தரையைப் பார்த்தார்.

மாட்டிக்கொண்டோம் என்று எரிக் நினைத்தார். லாய்ட் பாட்டிலை மூடித் தன் பைக்குள் வைத்தான். நேராக மஞ்சுநாத்திடம் போனான்.

“தப்பு என்னுதுதான் சார். இன்ஜின ஓவரா முறுக்கிட்டேன். நானே பிரிச்சு சரிபண்ணித் தரேன்.”

மஞ்சுநாத் அத்தனை பேர் முன்னாலும் அவனைக் கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறித் திட்டித் தீர்த்தார். பெங்களூர்ப் பையன்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். லாய்ட் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டான். கடைசியில் மஞ்சுநாத் வந்து எரிக்கின் தோளில் கை போட்டார். லேப்டாப்பை நம்பினது தன் புத்திகெட்டதனம், இனிமேல் எந்த வண்டியானாலும் எரிக் ஒருவர்தான் கை வைக்க வேண்டும் என்றார்.

எட்டு வருஷமாக எரிக் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். மச்சான் தலைகுனிந்து நிற்க, நாலு பேர் நடுவே கிடைத்தது. சந்தோஷம் வரட்டும் என்று அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார். வரவில்லை. அவர் கண் லாய்டின் பை மேலேயே இருந்தது. அந்த பாட்டிலை எடுத்துக் காட்ட ஒரு நிமிஷம் போதும். காட்டாமல் நிற்கிறானே, எங்கிருந்து வந்தது இவனுக்கு இப்படி ஒரு மனசு? கேரேஜைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பேரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதிலும் அவனே பெரியவனாக நிற்பதை எரிக்கால் ஒரு கணம்கூடத் தாங்க முடியவில்லை.

“சார், அவன் பொய் சொல்றான்” என்றார். “பெட்ரோல மாத்துனது நான்.”

மஞ்சுநாத்துக்கு முதலில் விளங்கவில்லை. “யாக்கே எரிக்ணா, ஏன்? ஏதாவது சத்தம் கேட்டுச்சா?”

எரிக் வாயைத் திறக்குமுன் லாய்ட் குறுக்கே வந்தான். “கேட்டிருக்கும் சார். மாமா காது தப்பு பண்ணாது.”

தப்பிக்கிற வழியையும் அவனே கொடுத்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றோடு முடிந்துபோகும். எரிக் அதைச் சொல்லவில்லை. மச்சானின் முகத்தைப் பார்க்காமல் மஞ்சுநாத்தைப் பார்த்தே சொன்னார்.

“ஒண்ணும் கேக்கல சார். ரொம்ப நல்லா ஓடுச்சு. அதான் மாத்துனேன்.”

மஞ்சுநாத் அவர் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.